அழியாத மைக்கு மேல் ஓர் ஓவியம்

“இதுக்கு மேல ஒரு பூவைப் போட்டு மறைச்சுட முடியுமாண்ணா?” டாட்டூ கடைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. நீட்டிய கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பெயர். சில சமயம் கல்லூரி முதல் வருடத்தில் நண்பர்களோடு கூட்டமாகப் போய்க் குத்திக்கொண்ட தேள். சில சமயம் எழுத்துப் பிழையோடு பதிந்துவிட்ட ஆங்கில வாக்கியம், அல்லது திருவிழாக் கடையில் அவசரமாகப் போட்டதில் கோடு கோணிப்போன சூலம். பழையதன் மீது புதிதாக ஒன்றை வரைந்து அதைக் காணாமல் போக்குவதைத் தொழிலில் ‘கவர்-அப்’ என்கிறார்கள்.

கேட்பவர் மனத்தில் ஒரு சுவர் இருக்கிறது. பழைய சாயத்தின் மேல் புதுப் பூச்சு அடித்தால் பழையது தெரியாது என்ற எண்ணம். தோலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தோலில் எந்த மையும் இன்னொரு மையின் மேல் போய் உட்காருவதில்லை. பழைய மை எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதே ஆழத்தில்தான் புதிய மையும் இறங்கும். இரண்டும் ஒரே அடுக்கில் கலந்து கிடக்கும். அப்படியிருந்தும் நல்ல கலைஞர் ஒருவர் செய்த கவர்-அப்பைப் பார்த்தால் பழைய பெயர் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மை அங்கேயே இருக்கிறது, பார்க்கிறவருக்குத் தெரியவில்லை. இது எப்படி நடக்கிறது என்பதில் நோய் எதிர்ப்பு அமைப்பு, ஒளியியல், கண்ணின் நரம்பியல் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன. கவர்-அப் செய்துகொள்ள நினைப்பவர் இந்த மூன்றையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டார்.

முதலில் மை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். உடம்பின் பெரும்பாலான இடங்களில் மேல்தோலின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். அதன் செல்கள் அடியில் பிறந்து மேலேறி, உதிர்ந்துபோகின்றன. ஒன்றிரண்டு மாதங்களில் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. மேற்பரப்பில் மட்டும் சாயம் ஏற்றும் மருதாணி சில வாரங்களில் மங்கிவிடுவது இதனால்தான். டாட்டூ ஊசி இந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை, உள்தோலுக்குள் இறங்குகிறது. கையால் குத்திய காலத்திலும் இதே ஆழம்தான். ஆவணங்களைப் படியெடுக்க எடிசன் உருவாக்கிய மின்பேனாவை அடிப்படையாகக் கொண்டு நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி 1891-இல் டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு வேகம் கூடியது, இலக்கு மாறவில்லை.

உள்தோலில் இறங்கிய மையை உடம்பு ஒரு படையெடுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் ஓடி வந்து மைத் துகள்களை விழுங்குகின்றன. பாக்டீரியாவைச் செரிக்கத் தெரிந்த அவற்றுக்குக் கரியைச் செரிக்கத் தெரியாது. விழுங்கியதை வயிற்றில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் தங்கிவிடுகின்றன. நாம் டாட்டூ என்று பார்ப்பது பெரும்பகுதி இந்தச் செல்களின் வயிற்றைத்தான். மிக நுண்ணிய துகள்கள் மட்டும் நிணநீரோடு பயணமாகி நிணநீர்க் கணுக்களில் போய்ச் சேர்கின்றன. ஜெர்மானிய ஆய்வாளர்கள் பிரான்ஸின் கிரெனோபிள் நகரிலுள்ள சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு மனிதத் திசுக்களை ஆராய்ந்து இதை 2017-இல் உறுதிப்படுத்தினார்கள்.

அந்தச் செல்கள் செத்துப்போனால் மை என்ன ஆகும்? பிரான்ஸின் மார்செய் நகரில் சாந்த்ரீன் ஆன்ரி, பெர்னார் மாலிசன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. எலிகளின் வாலில் பச்சை குத்தினார்கள். பிறகு மையை வைத்திருந்த மேக்ரோஃபேஜ்களை மட்டும் கொன்றார்கள். டாட்டூ அசையவில்லை. செத்த செல் உமிழ்ந்த துகள்கள் அங்கேயே கிடந்தன. அடுத்து வந்த செல்கள் அவற்றை விழுங்கிக்கொண்டன. பச்சை குத்திய தோலை வேறொரு எலிக்கு ஒட்டிப் பார்த்தபோது, சில வாரங்களில் மையைச் சுமந்திருந்தவை பெரும்பாலும் இரண்டாவது எலியின் செல்களாக இருந்தன. டாட்டூவின் நிரந்தரம் எந்த ஒரு செல்லின் ஆயுளிலும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதில் இருக்கிறது. எனக்கு இந்த ஆய்வு இன்றுவரை வியப்புத் தருகிறது. ஒருவர் மறக்க நினைக்கும் பெயரை அவர் உடம்பு ஒவ்வொரு துகளாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறது.

1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட ஓட்சி என்ற மனிதனின் உடலில் 61 பச்சைக் கோடுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் ஆகியும் அவற்றின் கரி அப்படியே இருக்கிறது. கரி தானாக மறைந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இனி ஒளி. கரி தன்மேல் விழும் எல்லா நிற ஒளியையும் உறிஞ்சுகிறது. புதிய மையை எவ்வளவு சேர்த்தாலும் அந்த உறிஞ்சுதல் குறையாது, கூடத்தான் செய்யும். வெள்ளை மையைப் போட்டு அழித்துவிட்டு அதன் மேல் வரையலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அது ஒளியைச் சிதறடிக்கும். ஆனால் கரித் துகள்களோடு கலந்து கிடக்கும்போது அதன் பலம் போதாது; ஆறிய சில மாதங்களில் கருப்பு மீண்டும் தலைதூக்கும். ஆகவே கவர்-அப்பின் முதல் விதி இது: பழைய கோடு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் புதிய ஓவியம் அதைவிட இருண்டதாகவோ குறைந்தபட்சம் அதே அளவு இருண்டதாகவோ இருக்க வேண்டும். இந்த விதியை மீறும் எந்த வாக்குறுதியையும் நம்ப வேண்டாம்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிராமத்துப் பாட்டிகளின் முன்கையில் இருக்கும் கோலப் பச்சையைக் கவனித்திருப்பீர்கள். விளக்குக் கரியால் குத்தியது, ஆனால் நீலமும் பச்சையும் கலந்தாற்போலத் தெரியும். காரணம் தோலின் நார்கள். நீலம் போன்ற குறுகிய அலைகளை அவை மேலேயே சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சிவப்பு போன்ற நீண்ட அலைகள் ஆழம் வரை போய்க் கரியில் மாட்டிக்கொள்கின்றன. கண்ணுக்கு வந்து சேர்வதில் நீலச் சாயல் மிஞ்சுகிறது. கையின் ரத்தக் குழாய்கள் நீலமாகத் தெரிவதற்கும் இதே விளக்கம்தான். ஆக, பழைய கருப்பு டாட்டூவைக் கலைஞர் நீலச்சாயல் கொண்ட சாம்பலாகவே கணக்கில் எடுக்க வேண்டும். அதன்மீது ஆரஞ்சு இதழ் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்து அழுக்குப் பழுப்பாகிவிடும். கருநீலமும் அடர்பச்சையும் ஆழ்ந்த ஊதாவும் அந்தச் சாயலைத் தமக்குள் வாங்கிக்கொள்ளும். மயிலிறகும் அடர்ந்த இலைகளும் மீன் செதில்களும் கவர்-அப்பில் திரும்பத் திரும்ப வருவது வெறும் வழக்கத்தால் இல்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் இருப்பது மேல்தோலில், அதாவது மைக்கு மேலே. அது குறுகிய அலைகளைக் கூடுதலாக உறிஞ்சும் ஒரு வடிகட்டி. வெளுத்த தோலில் பளிச்சென்று தெரியும் மஞ்சளும் வான்நீலமும் மாநிறத் தோலில் அடங்கித் தெரியும். வெளிநாட்டுப் படங்களைக் காட்டி அதேபோல் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் மாநிறத்துக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. தோலுக்கும் பழைய மைக்கும் இடையிலான வேறுபாடு ஏற்கெனவே குறைவாக இருப்பதால், கலைஞர் கடக்க வேண்டிய தூரமும் குறைவு.

இதுவரை சொன்னதெல்லாம் தடைகள். வழி திறப்பது கண்ணில்.

நம் கண் ஒரு கேமரா போல எல்லாப் புள்ளிகளையும் சமமாகப் பதிவதில்லை. ஹால்டன் ஹார்ட்லைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி குதிரைலாட நண்டின் கண்களை ஆராய்ந்து, ஒளியை உணரும் பக்கத்துப் பக்கத்து அலகுகள் ஒன்றையொன்று அடக்குகின்றன என்று காட்டினார். ஒரே நிறமாக இருக்கும் பரப்பில் எல்லாம் அடங்கிவிடும். இருளும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் குரல் ஓங்கும். அவருக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைகளின் மூளையில், குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடுகளுக்கு மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டார்கள். அதற்கு 1981-இல் நோபல். இவற்றிலிருந்து டாட்டூ கலைஞர் எடுத்துக்கொள்ள வேண்டியது, மூளை தேடுவது ஓரங்களைத்தான் என்பதே. பழைய மையை முழுவதும் மூட வேண்டியதில்லை. பழைய ஓரங்களை மூளை பின்தொடராமல் செய்தால் போதும்.

காடு இதை நமக்கு முன்பே அறிந்திருக்கிறது. புதருக்குள் நிற்கும் சிறுத்தை பசுமையாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. அதன் உடம்பில் கண்ணைப் பறிக்கும் கரும்புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிகள் உடலின் விளிம்பை ஆங்காங்கே வெட்டுவதால், சிறுத்தை என்ற உருவம் சேர்ந்து தெரியாமல் போகிறது. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயரின் உருமறைப்பு பற்றிய நூல் 1909-இல் வந்தது. பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹியூ காட் 1940-இல் இந்தக் கருத்தை விரிவாக நிறுவினார். வலுவான புதிய ஓரம் ஒன்று பழைய ஓரத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றால், மூளை வலுவானதையே பின்தொடரும் என்பதுதான் சாரம். முதல் உலகப் போரில் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியரின் யோசனைப்படி பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் பட்டை பட்டையாக வண்ணம் அடித்ததும் இதே உறவுக்காரச் சிந்தனை. கப்பல் தெரியும், அது எந்தத் திசையில் போகிறது என்பது குழம்பும்.

அனுபவமற்ற கை செய்யும் கவர்-அப், பழையதன் மேல் அதே வடிவில் ஒரு கருந்திட்டு. பெயர் போய்விடும், திட்டு நிற்கும். தேர்ந்தவர் வேறு விதமாக யோசிக்கிறார். பழைய கோட்டின் மீது ஓர் இலையின் நிழற்பகுதியை வைக்கிறார். இலையின் கூர்மையான விளிம்பு பழைய கோட்டை ஒரு கோணத்தில் வெட்டிக்கொண்டு வெளியே போகிறது. பழைய டாட்டூ இல்லாத இடத்தில், தோலை அப்படியே விட்டு, ஓவியத்தின் மிகப் பளிச்சென்ற பகுதியை அமைக்கிறார். பார்க்கிறவரின் கண் முதலில் அங்கே போய் நிற்கும். நிழல் பக்கம் எதையும் தேட அதற்குத் தோன்றாது. இத்தனைக்கும் இடம் வேண்டும். அதனால்தான் கவர்-அப் பழையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். சின்னப் பெயரைச் சின்னப் பூவால் மறைக்கச் சொன்னால் நல்ல கலைஞர் தயங்குவார். அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

எந்த உருவம் பொருந்தும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. இறகு, செதில், இதழ், அலை, மரப்பட்டை போன்றவற்றில் ஒவ்வோர் அலகும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இடையில் ஓர் அந்நியக் கோடு கிடந்தாலும் கண் அதை அந்தக் கூட்டத்தில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். மண்டலம் போன்ற சமச்சீர் வடிவங்களில் இந்த மன்னிப்பு கிடையாது. ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் இல்லையென்றால் கண் உடனே பிடித்துவிடும். மிக மோசமான தேர்வு மனித முகம். கன்னமும் நெற்றியும் வெளிச்சமாக, வழுவழுப்பாக இருந்தாக வேண்டும். அங்கே ஒரு சாம்பல் கோடு எட்டிப் பார்த்தால் தழும்பாகத் தெரியும். முகங்களை ஆராய்வதற்கென்றே மூளையில் தனிப் பகுதி உண்டு, அதை ஏமாற்ற முடியாது. அம்மாவின் முகத்தைப் பழைய பெயருக்கு மேல் போடச் சொல்கிறவரிடம் “வேற இடத்துல போடலாம்” என்று சொல்லும் கலைஞரே நம்பத்தக்கவர்.

பெயர்களுக்கு வருவோம், ஏனென்றால் இதில் கடினமானது அதுதான். படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க முடியாது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லுங்கள் என்றால் நாக்கு தடுமாறும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை இது. விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூளை படித்துவிடுகிறது. பாதி மறைந்த பெயரைக்கூட அது நிரப்பிக்கொண்டு படிக்கும்.

அப்படியானால் எழுத்தின் எந்தப் பகுதியை மூட வேண்டும்? இர்விங் பீடர்மன் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குக் குறிப்பு கிடைக்கிறது. பொருள்களின் கோட்டோவியங்களில் கோடுகளின் நடுப்பகுதிகளை அழித்தபோது மக்கள் அது இன்னதென்று சொல்லிவிட்டார்கள். அதே அளவுக் கோடுகளை, ஆனால் மூலைகளும் சந்திப்புகளும் இருக்கும் இடத்தில் அழித்தபோது அடையாளம் காண்பது மிகக் கடினமாகிவிட்டது. எழுத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கோடுகள் கூடும் முனைகள், தமிழில் ‘க’வின் குறுக்கு வெட்டு, ‘த’வின் கால் திரும்பும் இடம் போன்றவற்றில் ஓவியத்தின் மிக இருண்ட பகுதி விழும்படி பார்த்துக்கொண்டால், நடுக்கோடுகள் கொஞ்சம் மிஞ்சினாலும் பெயர் வாசிக்கப்படாது. தமிழ் எழுத்துகளின் சுழிகள் பூவின் இதழுக்குள்ளும் கொடியின் சுருளுக்குள்ளும் எளிதாக அடங்கிவிடும். நேர்கோட்டு ஆங்கில எழுத்துகளுக்கு இயற்கை உருவங்களில் இடம் தேடுவது கடினம். எழுத்து அழிந்தாலும் வரி அழியாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே உயரத்தில் வரிசையாக ஆறேழு திட்டுகள் இருந்தால், படிக்க முடியாவிட்டாலும் ஏதோ எழுதியிருந்தது என்று தெரிந்துவிடும். புதிய ஓவியத்தின் ஓட்டம் அந்த வரிக்கு இணையாகப் போகாமல் சாய்வாகக் கடந்து போக வேண்டும்.

நிறத்தால் மறைக்க முடியாத ஒன்று தழும்பு. பழைய டாட்டூவை ஆழமாகக் குத்தியிருந்தால் கோடுகள் மேடாக எழும்பியிருக்கும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தோலை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடு இருந்தால் நிழல் விழும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் தெரியும். இந்த நிழலை எந்த மையும் தடுக்காது. சொரசொரப்பான செதில், மரப்பட்டை போன்ற ஓவியங்களே அதைத் தமக்குள் சேர்த்துக்கொள்ளும். காயம் பட்ட இடமெல்லாம் தடித்துக் கெலாய்டாக வளரும் உடம்பு உள்ளவர்கள், தோல் மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி ஊசிக்குக் கையை நீட்டக் கூடாது. மச்சங்களின் மேலும் குத்த விடாதீர்கள். மச்சம் நிறமோ வடிவமோ மாறினால் அது தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். இருண்ட கவர்-அப் அந்த அறிகுறியை மூடிவிடும்.

பழைய டாட்டூ மிக இருண்டிருந்தால் முதலில் லேசரால் அதை வெளுக்கச் செய்வது நல்லது. உப்பைத் தேய்த்துப் பச்சையை அழிக்கும் முறையை ஆறாம் நூற்றாண்டிலேயே ஏட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த வழியில் போனால் மையோடு தோலும் போய்த் தழும்புதான் மிஞ்சும். தடவினால் டாட்டூ போய்விடும் என்று விற்கும் களிம்புகளோ மை இருக்கும் ஆழத்தை எட்டுவதே இல்லை. சரியான வழிக்கான அடிப்படையை 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் கொடுத்தார்கள். மை மட்டும் உறிஞ்சும் நிறத்தில், சுற்றியுள்ள திசுவுக்குச் சூடு பரவுவதற்குள் முடிந்துவிடும் அளவுக்குக் குறுகிய துடிப்பாக ஒளியைப் பாய்ச்ச வேண்டும் என்பது அவர்கள் சொன்ன கோட்பாடு. இன்றைய லேசர்களின் துடிப்பு ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு, சிலவற்றில் அதைவிடவும் குறைவு. அந்த நேரத்துக்குள் மைத் துகள் வெடித்துச் சிதறுகிறது. சிதறிய பொடியில் ஒரு பகுதியை உடம்பு நிணநீர் வழியாக அப்புறப்படுத்துகிறது. மீதியைப் புதிய மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிக்கொள்கின்றன. ஒரே அமர்வில் வேலை முடியாததற்கு ஒரு காரணம் அதுதான்.

கருப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் பயன்படுகிறது. அதை மெலனின் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் மாநிறத் தோலுக்கும் அதுவே பாதுகாப்பானது. சிவப்பு மைக்கான 532 நானோமீட்டர் ஒளி மெலனினையும் தாக்கும். தோலில் வெள்ளைத் திட்டு விழ வாய்ப்புண்டு. இதை அழகு நிலையத்தில் செய்துகொள்ள வேண்டாம். தோல் மருத்துவரிடம் போங்கள். கவர்-அப்புக்காக என்றால் முழுவதும் அழிக்கத் தேவையில்லை. கருப்பு சாம்பலாக மாறினாலே கலைஞரின் கையில் நிறங்கள் கூடிவிடும். பெரும்பாலும் சில அமர்வுகள் போதும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறு முதல் எட்டு வாரம். கடைசி அமர்வுக்குப் பிறகும் குறைந்தது இரண்டு மாதம் தோலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை அவசியம் கேளுங்கள்: ஆறிய பிறகு எடுத்த படங்கள் இருக்கின்றனவா? குத்தி முடித்த அன்று எல்லாக் கவர்-அப்பும் அற்புதமாகத்தான் இருக்கும். அன்று புதிய மை மேல்தோலிலும் நிறைந்திருக்கும், பழையது அதன் கீழே அமுங்கியிருக்கும். மேல்தோல் உதிரும்போது அந்த மையும் சேர்ந்து உதிர்ந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்துப் பழைய கோடுகள் பேய் போல எட்டிப் பார்ப்பது இதனால்தான். நேர்மையான கலைஞர் இரண்டாவது அமர்வை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துச் சொல்வார். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்தினால் தோல் கிழிந்து தழும்பாகும்.

வரைபடத்திலும் அவசரம் வேண்டாம். பழைய டாட்டூவின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து அப்படியே படியெடுத்து, அதன்மீது இரண்டு மூன்று ஓவியங்களைப் போட்டுப் பார்ப்பது நல்ல கலைஞரின் வழக்கம். அந்த வரைபடத்தைச் செல்போனில் படம் எடுத்துக் கருப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போய் இருளும் வெளிச்சமும் மட்டும் நிற்கும்போது, பழைய கோடு எங்கே தப்பிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆறடி தள்ளி நின்று கண்ணை இடுக்கியும் பாருங்கள். ஊசி புதியதா, உங்கள் கண்முன் உறையைப் பிரித்தார்களா என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் பி-யும் சி-யும் ரத்தம் பட்ட ஊசியால் பரவும். குத்திக்கொண்ட பிறகு ஒரு வருடத்துக்கு ரத்த தானம் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ராணுவத்துக்கோ மத்தியப் பாதுகாப்புப் படைகளுக்கோ போக நினைக்கும் இளைஞர்கள் கவர்-அப் பக்கமே வர வேண்டாம். மத்தியப் படைகளின் விதிப்படி சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறமும் புறங்கையும் போன்ற இடங்களில்தான் டாட்டூ அனுமதி; அதுவும் அந்த உறுப்பில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். பழையதை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கும் கவர்-அப் இந்த இடத்தில் கெடுதலையே செய்யும். அவர்களுக்கு லேசர்தான் வழி.

மற்றவர்களுக்கும் கவர்-அப் ஏறத்தாழ ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு; பிடிக்காமல் போனால் அதை நீக்குவது இன்னும் கடினம். டாட்டூவை நீக்க எத்தனை லேசர் அமர்வுகள் ஆகும் என்று கணிக்கத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கிர்பி–தேசாய் அளவுகோல் 2009-இல் வெளிவந்தது. அதில் பார்க்கப்படும் ஆறு காரணிகளில் ஒன்று, டாட்டூவின் மேல் டாட்டூ இருக்கிறதா என்பது. இருந்தால் அமர்வுகள் கூடும். மையின் வேதியியலும் சிக்கல்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் டாட்டூ மைகளில் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கவர்-அப்பில் அதிகம் தேவைப்படும் ஒரு நீல நிறமியும் ஒரு பச்சை நிறமியும் 2023-இல் அந்தப் பட்டியலின் கீழ் வந்தன. வெள்ளையிலும் தோல்நிற மைகளிலும் இருக்கும் டைட்டானியம், இரும்பு ஆக்சைடுகள் லேசர் பட்டதும் கருத்துவிடக்கூடும்.

ஆகவே ஊசி தோலைத் தொடுவதற்கு முன் மைக் குப்பிகளை வாங்கி லேபிளைப் படியுங்கள், ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து நீங்கள் ஒரு தோல் மருத்துவர் முன் உட்கார நேர்ந்தால், உள்ளே என்ன மை இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அந்தப் படங்கள் மட்டும்தான் இருக்கும்.